படுத்த மரையை நிமிர்த்துதல்: ஸ்கூட்டர் கிராங்க் முனைக்கான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் போர்வை போர்த்தி நிற்கும் பழைய ஸ்கூட்டர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருப்பார்கள். முன்னோரை வணங்கக் குடும்பம் கூடும் ஒரு படைப்புக்கும் அடுத்த படைப்புக்கும் இடையில் வண்டி ஓடாது. ஊருக்கு வந்த அன்று உதைத்துப் பார்த்தால் பிளக்கில் தீப்பொறி வராது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைப் பார்க்க வேண்டுமானால், அதன்மேல் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டைக் கழற்ற வேண்டும். அதன் நட்டோ துருப்பிடித்து இறுகியிருக்கும். அவசரத்தில் யாராவது சுத்தியலைக் கையில் எடுப்பார். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க்; அந்த நட்டு ஏறும் அதன் முனையின் மரை கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டுச் சேத்தக் வண்டி என்னிடம் வந்தபோது, கிராங்க் முனை காளான் குடைபோல் பரந்திருந்தது. முதல் இரண்டு மரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. முன்பு பார்த்த பட்டறையில் கிராங்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “அவுக ஓட்டுன வண்டி தம்பி, இஞ்சினைப் பிரிக்காமப் பார்க்க முடியுமா?” என்று ஆச்சி கேட்டார். உட்பக்கத்தில் ஏழு மரைகள் கீறல்கூட இல்லாமல் இருந்ததால் முடியும் என்று சொன்னேன். ஒரு முற்பகலில் வேலை முடிந்தது. அந்த வேலையை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மரை கெட்டுப்போவது வேறு, மரை போய்விடுவது வேறு. அடிபட்டு மடங்கிய மரையில் இரும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நட்டோடு சேர்ந்து சுருள் சுருளாக உரிந்து வந்த மரையில் இரும்பே இல்லை. முதல் வகையில் நம் வேலை படுத்ததை நிமிர்த்துவது மட்டுமே. புதிதாக மரை வெட்டுவது அங்கே வேலையே அல்ல. கிராங்க் முனைகள் வீணாவதற்கு நான் பார்த்தவரை முதற்காரணம், நிமிர்த்த வேண்டிய இடத்தில் மரை வெட்டும் கருவியான டையைப் போட்டு வெட்டுவதுதான்.

அந்த நட்டு என்ன வேலை செய்கிறது

மேக்னெட்டைச் சுழற்றுவது நட்டு அல்ல, கிராங்குக்கும் மேக்னெட்டுக்கும் இடையில் செருகிய சிறு இரும்புத் துண்டான சாவியும் அல்ல. கிராங்கின் கூம்பும் மேக்னெட்டின் உட்கூம்பும் ஒன்றையொன்று இறுகப் பற்றுவதால்தான் சுழற்சி கடத்தப்படுகிறது. அரைநிலா வடிவச் சாவி, மேக்னெட் சரியான இடத்தில் உட்கார்ந்து தீப்பொறி சரியான நேரத்தில் விழுவதற்காக இருக்கிறது. நட்டின் வேலை அந்தக் கூம்பை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது. ஆகவே மரை பலவீனமானால் நட்டு போதிய அளவு இழுக்காது, கூம்பு மெல்ல அசையத் தொடங்கும், சாவி வெட்டுப்படும், கூம்பின் பரப்பு அரித்துப்போகும். மரையை மலிவாகச் சரிசெய்து கொடுத்த பல வண்டிகள் ஆறு மாதத்தில் கூம்பே கெட்டுத் திரும்பி வருவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நட்டின் எல்லா மரைகளும் பாரத்தைச் சமமாகத் தாங்குவதில்லை. வாஷரை ஒட்டிய முதல் மரையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. வெளிமுனையை நோக்கிப் போகப்போகப் பங்கு குறைகிறது. சுத்தியலால் கெடுவது வெளிமுனை மரை என்பதால் இது நமக்குச் சாதகமானது. முனையில் ஒன்றரை மரை முற்றிலும் போயிருந்தாலும், வாஷரை ஒட்டிய மரைகள் முழுமையாக இருந்து, நட்டின் உயரத்தில் நான்கில் மூன்று பங்காவது நல்ல மரையில் உட்காரும் என்றால் நான் துணிந்து சரிசெய்கிறேன். உட்பக்கத்து மரைகள் உரிந்திருந்தால், வெளியே எத்தனை நல்ல மரை மிச்சமிருந்தாலும் கைவைப்பதில்லை.

நட்டு இன்னும் மாட்டியிருந்தால்

முனை பரந்த நிலையில் நட்டு உள்ளே இருந்தால், அதை அப்படியே திருகி வெளியே இழுக்கக் கூடாது. பரந்த இரும்பு நட்டின் மரைக்குள் இழுபட்டு, நல்ல மரையையும் சேர்த்து உரித்துவிடும். முதலில் தட்டை அரத்தால் முனையின் விளிம்பைச் சுற்றி ராவி, பரந்த பகுதி மரையின் பள்ளத்து விட்டத்துக்கும் கீழே வரும்வரை சரிவாக எடுத்துவிட வேண்டும். பிறகு துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டுக் கழற்றலாம். அப்போதும் வரவில்லையென்றால் நட்டைப் பலிகொடுத்துவிடுங்கள்: ஒரு பக்கத்தில் மரையைத் தொடுவதற்கு முடியளவு முன்புவரை அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரே தட்டில் பிளக்கலாம். நட்டு கடையில் கிடைக்கும். கிராங்குக்கு இஞ்சினையே பிளக்க வேண்டும்.

மேக்னெட் சுழலாமல் பிடிக்க அதற்கென உள்ள பிடிப்பானையே பயன்படுத்துங்கள். விசிறி இதழ்களுக்கு இடையில் திருப்புளியைச் செருகினால் வார்ப்பு அலுமினிய இதழ் உடைந்து மேக்னெட்டின் சமநிலை போய்விடும். பிளக் துளை வழியாகக் கயிற்றை விட்டுப் பிஸ்டனை நிறுத்தும் முறையும் உண்டு; ஆனால் டூ ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் சிலிண்டர் சுவரின் துளைகளான போர்ட்டுகளைக் கடந்து மேலே வந்த பிறகே கயிற்றை விட வேண்டும், இல்லையென்றால் கயிறு போர்ட்டின் விளிம்பில் சிக்கி அறுபடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அமுக்க நிலையில் மட்டுமே விடலாம்.

வெஸ்பா வழி வந்த வண்டிகள் பலவற்றில் மேக்னெட்டுக்குள் ஒரு சர்க்ளிப் (பள்ளத்தில் பொருந்தும் வில் வளையம்) இருக்கும். நட்டைத் தளர்த்தும்போது முதலில் இலகுவாகி, மறுபடியும் இறுகுவதுபோல் தோன்றும். அப்போது நட்டின் தோள் சர்க்ளிப்பில் முட்டி மேக்னெட்டைக் கூம்பிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதை அறியாதவர்கள் நட்டு சிக்கிக்கொண்டதாக நினைத்துச் சர்க்ளிப்பைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதன்பின் மேக்னெட்டை எடுக்க வழியில்லாமல் சுத்தியலுக்குப் போகிறார்கள். சர்க்ளிப் இல்லாத மேக்னெட்டுக்கு அதன் உள்மரையில் ஏறி அதை வெளியே இழுக்கும் புல்லரே சரியான கருவி. புல்லரின் நடுப்போல்ட் கூர்முனையாக இருந்தால், முனையில் ஒரு சிறிய உருண்டையையோ பித்தளைத் துண்டையோ வைத்துத் தள்ளுங்கள்; கூர்முனை கிராங்கின் முனையை விரித்துவிடும்.

தூளை எங்கே போகவிடுவது

அரம் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நான் வேறெதையும்விட இதில்தான் அதிகம் பிடிவாதம் பிடிப்பேன். மரைக்குப் பின்னால் கூம்பு, அதன் பின்னால் காயில் பிளேட், அதற்கும் பின்னால் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் அந்த சீல்தான் கிராங்க் அறையின் காற்றழுத்தத்தைக் காக்கிறது. இரும்புத்தூள் சீலின் உதட்டில் உட்கார்ந்து அறுத்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் கலவை மெலியும். இஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மரையைச் சரிசெய்யப் போய் இஞ்சினை இழப்பது இப்படித்தான்.

காயில் பிளேட்டின் விளிம்பிலும் இஞ்சின் உடலிலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு பிளேட்டைக் கழற்றி எடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் கழற்றினால் தீப்பொறி நேரத்தை மறுபடியும் அமைக்க வேண்டியிருக்கும். சீலைச் சுற்றிக் கிரீஸை வளையமாகத் தடவி, அதன்மேல் பாலித்தீனைச் சுற்றிக் கட்டி, கூம்பைத் துணியால் மூடிவிடுங்கள். மேக்னெட்டை இரண்டு மேசை தள்ளி, காகிதத்தில் பொதிந்து வையுங்கள். காந்தம் இரும்புத்தூளை எங்கிருந்தாலும் அழைத்துக்கொள்ளும். நம் பக்கத்துச் செம்மண் தூசியும் சேர்ந்தால் மரைக்குள் தேய்ப்புத்தாள் வைத்ததற்குச் சமம் என்பதால், வாசலில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

அளப்பது

மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு மரையைப் பளிச்சென்று சுத்தம் செய்தபின், வெர்னியரால் வெளிவிட்டத்தை அளங்கள். எம்12 மரை 12 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே அளவு காட்டும். பழைய மரையில் 11.8 வந்தால் திகைக்க வேண்டாம். விட்டத்தைவிட முக்கியமானது மரைகளின் இடைவெளி, அதாவது பிட்ச். பிட்ச் கேஜ் இருந்தால் அதன் பற்களை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்து, வெளிச்சக் கீற்று தெரியாமல் உட்காரும் பல்லைத் தேர்ந்தெடுக்கலாம். கேஜ் இல்லையென்றால் நல்ல பகுதியில் ஒரு முகட்டிலிருந்து ஆறாவது முகடு வரை அளந்தால் ஐந்து இடைவெளி கிடைக்கும்: 6.25 மி.மீ. என்றால் பிட்ச் 1.25, 7.5 என்றால் 1.5, 8.75 என்றால் 1.75.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கடையில் சும்மா “எம்12 டை” என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் பொது உபயோகத்துக்கான 1.75 பிட்ச்தான். ஸ்கூட்டர் கிராங்குகளில் இருப்பதோ நெருக்கமான மரை, வெஸ்பா பி.எக்ஸ் வகையின் மேக்னெட் மரை 1.5 பிட்ச். தவறான டை முதல் இரண்டு சுற்று நன்றாகவே ஏறுவதுபோல் தெரியும், ஏனென்றால் அது பழைய மரையை அழித்துப் புதிதாக வெட்டிக்கொண்டு போகிறது. பழைய நட்டையும் கையோடு கொண்டுபோய், டையின் பற்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மரை வலமா இடமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தண்டைச் செங்குத்தாகப் பிடித்தால், நம்மை நோக்கிய பக்கத்தில் வரிகள் வலப்பக்கமாக மேலேறினால் அது வழக்கமான வல மரை.

அரத்தால் நிமிர்த்துவது

மெட்ரிக் மரையின் இரு சரிவுகளுக்கும் இடையிலான கோணம் 60 பாகை. சமபக்க முக்கோண அரத்தின் ஒவ்வொரு மூலையும் அதே 60 பாகைதான். ஆகவே சிறிய முக்கோண அரம் மரையின் பள்ளத்தில் தானாகவே பொருந்தி உட்காரும். முதலில் அரத்தை மெதுவாக இழுத்து இரும்பின் கடினத்தைப் பாருங்கள்: அரம் கடித்தால் வேலை நடக்கும், கண்ணாடிமேல் இழுப்பதுபோல் வழுக்கினால் அந்த முனை கடினமூட்டப்பட்டது, அங்கே டையும் தோற்கும், லேத் பட்டறையில் அரைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

கெட்ட இடத்தில் தொடங்காதீர்கள். உட்பக்கத்து நல்ல பள்ளத்தில் அரத்தை வைத்து, அந்தப் பள்ளம் காட்டும் சாய்விலேயே ஒரு கையால் கிராங்கை மெல்லச் சுழற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வாருங்கள். நல்ல மரை வழிகாட்ட, அரம் படுத்த மரையின் அடியில் நுழைந்து அதைத் திறக்கும். ஆச்சி வீட்டு வண்டியில், மடங்கிக் கிடந்த இரண்டாவது மரையின் உதடு அரத்தின் நான்காவது இழுப்பில் மெல்லிய தகடாகப் பிரிந்து விழுந்தது. அதன் கீழே பழைய பள்ளம் எண்ணெய்க் கறையோடு முழுதாகத் தெரிந்தது. அந்தக் கறை தெரிந்த கணமே அரத்தை நிறுத்திவிட வேண்டும். பள்ளத்தின் அடியை ஒருபோதும் ஆழப்படுத்தக் கூடாது. அரத்தின் கூர்மூலை அடியில் கீறிய கோடு பிற்காலத்தில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடும்.

மரை அரம் என்று தனியாக ஒன்று உண்டு. சதுரக் கம்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் வெவ்வேறு பிட்ச்சுக்கான பல வரிகள் இருக்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு மரைமேல் அது உட்காருவதால், நல்ல மரைகள் அதைத் தாங்கிப் பிடிக்க, கெட்டதில் மட்டும் அரைபடும். கை நடுங்கும் புதியவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

உள்ளிருந்து வெளியே

அரம் வழி திறந்த பிறகு மரையின் வடிவத்தைச் சீராக்க, டையை முனையிலிருந்து ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது. முனையே கெட்டிருப்பதால் டை கோணலாகத் தொடங்கி, குறுக்கு மரை வெட்டிவிட வாய்ப்பு அதிகம். அதற்கு மாற்றாகப் பட்டறைகளில் வழிவழியாக வரும் முறை நட்டைப் பிளப்பது. சரியான பிட்ச் கொண்ட புதிய எஃகு நட்டு ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அறுத்த இடங்களின் பிசிறைக் கவனமாக எடுத்து, இரண்டு பாதிகளையும் உட்பக்கத்து நல்ல மரையின்மேல் இருபுறமும் பொருத்தி, பூட்டும் இடுக்கியால் மிதமாக அழுத்திப் பிடியுங்கள். கெட்டியான எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கழற்றும் திசையில் மெல்லத் திருகிக்கொண்டு வெளியே வாருங்கள். நல்ல மரையில் பிறந்து வருவதால் பாதை தவறாது. படுத்த மரையின் முகடுகள் நட்டின் பள்ளத்துக்குள் தள்ளப்பட்டு நிமிரும். மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைச் சற்றே கூட்டிச் செய்தால் போதும். சிக்கினால் வலிந்து திருகாமல் பின்னோக்கி வந்து, பிசிறைத் துடைத்து, அந்த இடத்தை மீண்டும் அரத்தால் பாருங்கள்.

டைதான் வேண்டும் என்றால், வெட்டும் வட்ட டையைவிட மரையைத் திருத்துவதற்கென்றே வரும் அறுகோண டை நட்டு மேல். வட்ட டை மட்டுமே கையில் இருந்தால் அதன் நடுத்திருகை இறுக்கிச் சற்று விரித்துக்கொள்ளுங்கள். முனையை 45 பாகையில் சரித்துவிட்டு, தண்டுக்கு நேர் செங்குத்தாக வைத்து, கால் சுற்று முன்னே, அதில் பாதி பின்னே என்று போங்கள்.

முடிந்ததும் மரையைப் பெட்ரோலில் கழுவி, மார்க்கர் பேனாவால் முழுவதும் கறுப்பாக்கி, புதிய நட்டை விரலால் மட்டும் உள்ளே ஏற்றி இறக்குங்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் கறுப்பு போய் இரும்பு மின்னும். சரிவுகளில் பரவலாக மின்னினால் நல்லது. ஒரு முகட்டில் மட்டும் புள்ளியாக மின்னினால் அந்தப் புள்ளியை ஓர் இழுப்பு எடுத்தால் தீர்ந்தது. நட்டை இரண்டு விரலில் பிடித்து ஆட்டியும் பாருங்கள்: நல்ல மரையில் இருக்கும்போது தரும் ஆட்டத்தைவிடச் சரிசெய்த இடத்தில் அதிகம் ஆடினால், இரும்பு தேவைக்கு மேல் போய்விட்டது என்று பொருள்.

மரை போய்விட்டிருந்தால்

இங்கே மனத்தைத் தேற்றிக்கொண்டு கிராங்கை வெளியே எடுப்பதே முறை. எடுத்தபின் இரண்டு வழிகள் பேசப்படும். ஒன்று, லேத்தில் கடைந்து ஓர் அளவு குறைந்த மரை வெட்டுவது. எம்12, 1.25 பிட்ச் மரையின் இழுவிசை தாங்கும் குறுக்குப் பரப்பு 92.1 சதுர மி.மீ.; எம்10, 1.25 பிட்ச்சில் அது 61.2. வலு மூன்றில் இரண்டு பங்காகிறது. விட்டமும் குறைவதால், ஒவ்வொரு சதுர மி.மீ. இரும்பும் முன்பு தாங்கிய அதே பளுவையே தாங்க வேண்டுமானால், இறுக்கும் முறுக்கு அளவை ஏறத்தாழப் பாதிக்குக் குறைக்க வேண்டும். பழைய அளவில் இறுக்கினால் முனை முறிந்து கையில் வரும். கூம்பு புத்தம்புதிதுபோல் இருந்தாலொழிய நான் இதைச் செய்யச் சொல்வதில்லை.

மற்றொன்று, வெல்டிங் வைத்து நிரப்பி மீண்டும் மரை வெட்டுவது. சூட்டில் எஃகின் தன்மை மாறி, வெல்டிங் முடியும் ஓரத்தில் விரிசல் விழும். இஞ்சினுக்குள் கிராங்க் இருக்கும்போதே வெல்டிங் வைத்தால், மின்சாரம் மெயின் பேரிங்கின் குண்டுகள் வழியாகப் பாய்ந்து அவற்றில் பொட்டுப் பொட்டாகக் குழிவிழும். கிராங்கும் அழுத்திக் கோத்த துண்டுகளால் ஆனது. சூட்டில் நேர் தவறினால் ஒரு மி.மீ.யில் நூறில் சில பங்கு கோணல்கூட அதிர்வாகத் தெரியும். மாற்றுக் கிராங்க் கிடைக்கும் வண்டிக்கு இந்த வேலை வேண்டாம். நட்டை கிராங்கோடு வெல்டிங் வைப்பது, மரைக்குள் பசையை நிரப்பி நட்டை ஏற்றுவது இரண்டுமே அடுத்து வருபவருக்குத் தண்டனை.

கியர் இல்லாத வண்டிகளில்

இவற்றில் கெடுவது பெரும்பாலும் பெல்ட் பக்கத்து மரை; அதன் காரணம் வேறு. முன்புறப் புல்லியின் வெளித்தட்டை மாட்டி நட்டை இறுக்கும்போது, பெல்ட் இரண்டு தட்டுகளுக்கு இடையில் அடியில் சிக்கிக்கொண்டால், தட்டு தன் இடத்தில் உட்காராமலே நட்டு இறுகிவிட்டதுபோல் தெரியும். வண்டி ஓடியதும் பெல்ட் மேலேறும், நட்டு தளரும், தட்டு ஆடித் தண்டின் பல்வரிகளான ஸ்ப்ளைனையும் மரையையும் சேர்த்துத் தின்றுவிடும். பின்புறப் புல்லியை விரித்துப் பெல்ட்டை அதற்குள் ஆழத் தள்ளி, முன்னால் பெல்ட் தொளதொளவென்று தொங்கும்படி வைத்த பிறகே நட்டைப் போட வேண்டும். முதல் நான்கு சுற்று விரலால். காற்று ரெஞ்ச் மரையின் தொடக்கத்தைத் தொடவே கூடாது.

மீண்டும் பூட்டுவது

கூம்பு இரண்டையும் பெட்ரோலில் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் உலர்வாக வையுங்கள். கூம்பில் கிரீஸ் தடவுவது அதன் பிடிப்பையே எடுத்துவிடும். லேசான அரிப்பு இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைச் சிறிது தடவி, மேக்னெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பித் தேய்த்து, இருபுறமும் ஒரே சாம்பல் நிறம் வந்ததும் முழுவதும் கழுவிவிடுங்கள். சாவியும் ஸ்பிரிங் வாஷரும் நட்டும் புதியனவாக இருக்கட்டும்.

முறுக்கு அளவை உங்கள் வண்டியின் கையேட்டிலிருந்து எடுங்கள். வெஸ்பா பி.எக்ஸ் வகை மேக்னெட் நட்டுக்கு அது 60 முதல் 65 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர், நட்டின் நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு, செங்குத்தாக 20 கிலோ காட்டும்வரை இழுத்தால் ஏறத்தாழ 59 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். சரிசெய்த மரையில் ஒரே மூச்சில் இறுக்காமல், பாதி அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, கையில் வழுக்கல் தெரிகிறதா என்று உணர்ந்து, பிறகு மேலே போங்கள். நல்ல மரை இறுகும்போது எதிர்ப்பு சீராகக் கூடிக்கொண்டே வரும். திடீரென்று இலகுவாக உணர்ந்தால் மரை உரியத் தொடங்கிவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள்.

இறுக்கியபின் நட்டின் ஒரு மூலையிலிருந்து மேக்னெட்டின் மேல்வரை வண்ணத்தால் ஒரு கோடு இழுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மூடியைக் கழற்றி அந்தக் கோட்டைப் பார்த்து, இஞ்சின் ஆறியிருக்கும்போது அதே அளவுக்கு இன்னொரு முறை இறுக்கிச் சரிபாருங்கள். பள்ளத்தூர் வண்டியில் அந்தக் கோடு அடுத்த படைப்புக்கு நான் போய்ப் பார்த்தபோதும் வைத்த இடத்திலேயே நேராக இருந்தது.